பெண் ஓட்டிக் காட்டிய கார்... ரூ.1,100 கோடிக்கு விலைபோன காரின் ஜோடி! ஜெர்மனியில் அசத்தும் பென்ஸ் மியூசியம்

பென்ஸ் கார் என்றதும் எல்லோருக்கும் ஞாபகத்துக்கு வருவது பணக்கார வீட்டு வாசலும், பானட்டில் மின்னும் மூன்று முனை நட்சத்திரமும்தான். ஆனால் அந்தக் கம்பெனியின் சொந்த ஊரில் உள்ள மியூசியத்தைச் சுற்றி வந்தால் வேறு கதை தெரிய வருகிறது. சீதனப் பணத்தைக் கொட்டிக் கொடுத்த ஒரு மனைவி, செருப்பு தைக்கும் தொழிலாளி, சோறு தண்ணி இல்லாமல் வேலை வாங்கப்பட்ட கைதிகள் என்று அந்த நட்சத்திரத்துக்குப் பின்னால் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

ஜெர்மனி நாட்டின் தென்பகுதியில் உள்ள தொழில் நகரம் ஸ்டுட்கார்ட். இங்குள்ள பென்ஸ் தொழிற்சாலையின் வாசலை ஒட்டியே மெர்சிடஸ் பென்ஸ் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. 2006-ம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. 9 அடுக்குகள், 160 வண்டிகள், மொத்தம் 1,500 காட்சிப் பொருட்கள். முழுதாகப் பார்க்க ஒரு நாள் போதாது!

மேலே ஏறி கீழே இறங்கணும்

வழக்கமாக மியூசியம் என்றால் கீழே இருந்து பார்த்துக்கொண்டே மேலே போவோம். இங்கே தலைகீழ். உள்ளே நுழைந்ததும் லிப்டில் ஏற்றி நேராக உச்சி மாடிக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே ஆண்டு 1886. அங்கிருந்து சாய்வான பாதையில் வளைந்து வளைந்து இறங்கினால், தரைக்கு வரும்போது இன்றைய காலம் வந்துவிடும்.

இரண்டு பாதைகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு இறங்குகின்றன. ஒன்றில் கம்பெனியின் வரலாறு. இன்னொன்றில் பஸ், லாரி, தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், பிரபலங்களின் கார்கள். ஒரு பாதையில் போரடித்தால் அடுத்த பாதைக்கு மாறிக்கொள்ளலாம்.

கட்டிடத்தை வடிவமைத்தது நெதர்லாந்து நாட்டின் யு.என்.ஸ்டூடியோ நிறுவனம். இதில் இன்னொரு அதிசயமும் உண்டு. நடுவில் மேலே வரை திறந்த வெளியாக இருப்பதால், தீப்பிடித்தால் புகை எல்லா மாடிக்கும் பரவிவிடும். அதற்காக சுவரில் 144 காற்றுக் குழாய்கள் வைத்திருக்கிறார்கள். அவை காற்றைப் பீய்ச்சி அடித்தால் கட்டிடத்துக்குள்ளேயே 34 மீட்டர் உயரத்துக்கு ஒரு சூறாவளி கிளம்பும். புகை மொத்தத்தையும் சுருட்டிக்கொண்டு கூரை வழியே வெளியே போய்விடும்!

வரவேற்கும் வெள்ளைக் குதிரை

லிப்டில் இருந்து வெளியே வந்ததும் முதலில் கண்ணில் படுவது கார் அல்ல. ஒரு வெள்ளைக் குதிரையின் உருவம்! கார் எல்லாம் கொஞ்ச நாள் கூத்து, நான் நம்புவது குதிரையைத்தான் என்று ஜெர்மன் மன்னர் 2-ம் வில்ஹெல்ம் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அதை நினைவூட்டத்தான் அந்தக் குதிரை.

குதிரைக்கு அடுத்து நிற்பவைதான் கதாநாயகர்கள். கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டிக்கு 1886-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி காப்புரிமை கேட்டு மனு செய்யப்பட்டது. காரின் பிறந்த நாள் என்று உலகம் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான். அதன் சக்தி முக்கால் குதிரை சக்தி. வேகம் மணிக்கு 16 கிலோ மீட்டர். நம்ம ஊர் சைக்கிளே முந்திவிடும்!

அதே 1886-ல் காட்லீப் டைம்லர் என்பவர் குதிரை வண்டி போன்ற நான்கு சக்கர வண்டியில் என்ஜினைப் பொருத்தி ஓட்டினார். தனித்தனியாகத் தொழில் நடத்திய இவர்கள் இருவரின் கம்பெனிகளும் 1926-ம் ஆண்டுதான் ஒன்றாகச் சேர்ந்தன.

புருஷனுக்குத் தெரியாமல் 105 கிலோ மீட்டர்

கார்ல் பென்ஸ் வண்டியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதை வாங்கத்தான் ஆள் இல்லை. அப்போது களத்தில் குதித்தவர் அவரது மனைவி பெர்தா பென்ஸ்.

இவர் சாதாரண ஆள் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தை எடுத்துக் கொடுத்து கார்ல் பென்சின் பட்டறையைக் காப்பாற்றியவர். அவர் பணம் இல்லையென்றால் அந்த வண்டியே இல்லை. ஆனாலும் காப்புரிமையில் அவர் பெயர் கிடையாது. கல்யாணமான பெண் தன் பெயரில் காப்புரிமை வாங்க அன்றைய சட்டத்தில் இடம் இல்லை.

1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு நாள் அதிகாலை. கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார் பெர்தா. மன்ஹைம் நகரில் இருந்து போர்ட்ஸ்ஹைம் ஊரில் உள்ள தாய் வீட்டுக்கு சுமார் 105 கிலோ மீட்டர். அதுவரை இவ்வளவு தூரம் காரில் யாரும் போனதே இல்லை.

வழியில் பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் கறை நீக்கும் திரவத்தை வாங்கி டேங்கில் ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தும் ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பி ஒன்று உரசியது. காலுறையைக் கட்டும் பட்டியைச் சுற்றி சரி செய்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்பு தைக்கும் தொழிலாளியிடம் தோல் வைத்து அடித்துத் தரச் சொன்னார். மேடு வந்தால் மகன்கள் இறங்கித் தள்ளினார்கள்.

பொழுது சாய்ந்த நேரம் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று கணவருக்குத் தந்தி பறந்தது. மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று பெர்தா சொன்ன யோசனைப்படி வண்டி திருத்தப்பட்டது. மெக்கானிக், டிரைவர், விளம்பரம் என்று எல்லாமே அந்த ஒரு பெண்தான்!

மகள் பெயரில் கார்

மெர்சிடஸ் என்ற பெயர் எப்படி வந்தது? டைம்லர் கம்பெனியின் கார்களை வாங்கி விற்று வந்தவர் எமில் ஜெல்லினெக் என்ற வியாபாரி. அவருடைய செல்ல மகளின் பெயர்தான் மெர்சிடஸ். அந்தச் சிறுமியின் பெயரிலேயே பந்தயங்களில் கார்களை இறக்கினார். கார் ஜெயித்தது, பெயரும் நிலைத்தது. 1902-ம் ஆண்டு அது பதிவு செய்யப்பட்ட வணிகப் பெயர் ஆனது. அந்த 1902-ம் ஆண்டின் மெர்சிடஸ் சிம்ப்ளெக்ஸ் கார் இன்றும் பளபளப்பாக மியூசியத்தில் நிற்கிறது.

இறக்கை விரிக்கும் கார்

பார்வையாளர்கள் அப்படியே சொக்கி நிற்கும் இடம், 1954-ம் ஆண்டில் வெளிவந்த 300 எஸ்.எல். காரின் அருகில்தான். கதவு பக்கவாட்டில் திறக்காது. கடல் பறவை இறக்கை விரிப்பதுபோல மேல்நோக்கித் திறக்கும்.

இது வெறும் பந்தாவுக்கு செய்தது அல்ல. எடை குறைய வேண்டும் என்று மெல்லிய இரும்புக் குழாய்களைப் பின்னி இதன் சட்டத்தை செய்தார்கள். அதன் எடை சுமார் 50 கிலோதான். ஆனால் கதவு வர வேண்டிய இடத்தில் பாதி உயரத்துக்குக் குழாய்கள் குறுக்கே நின்றன. வேறு வழி இல்லாமல் கதவைக் கூரைப் பக்கம் கொண்டுபோனார்கள். அதுவே அழகாகிவிட்டது! இந்த மாடலில் 1,400 கார்கள் மட்டுமே தயாரிக்கப்பட்டன.

ரூ.1,100 கோடி... அடேங்கப்பா!

இதற்கு அண்ணன் மாதிரி ஒரு கார் உண்டு. 1955-ம் ஆண்டில் பொறியாளர் ருடால்ப் உலன்ஹாட் உருவாக்கிய 300 எஸ்.எல்.ஆர். கூபே. உலகத்திலேயே மொத்தம் இரண்டுதான். மணிக்கு 290 கிலோ மீட்டர் வரை பறக்கும்.

ஆனால் அதே ஆண்டு ஜூன் மாதம் பிரான்சில் லே மான்ஸ் பந்தயத்தில் மெர்சிடஸ் கார் ஒன்று மோதிச் சிதறியதில் 80-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். அந்த ஆண்டு இறுதியில் கம்பெனி பந்தயத்தில் இருந்தே விலகியது. இந்த கூபே ஒரு பந்தயத்திலும் ஓடாமலே நின்றுவிட்டது.

இரண்டில் ஒன்றை 2022-ம் ஆண்டு மே மாதம் இதே மியூசியத்தில் ஏலம் விட்டார்கள். போன விலை 13 கோடியே 50 லட்சம் யூரோ. அப்போதைய மதிப்பில் சுமார் 1,100 கோடி ரூபாய்! அதுவரை எந்தக் காரும் அந்த விலைக்குப் போனதில்லை. அந்தப் பணத்தை இளைஞர்களின் படிப்புக்கு உதவும் நிதிக்கு ஒதுக்குவதாகக் கம்பெனி அறிவித்தது. ஜோடியில் மற்றொன்று கம்பெனியிடமே இருக்கிறது.

உயிர் காத்த கண்டுபிடிப்புகள்

விலையை வைத்து மட்டும் எடை போடக் கூடாது. சாதாரண மாருதியில் போகிறவருக்கும் உதவும் விஷயங்கள் இங்கே உண்டு. கார் மோதினால் முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்கி, அடியைத் தான் வாங்கிக்கொண்டு, உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று யோசித்தவர் இங்கே வேலை பார்த்த பேலா பரேனி. அவர் யோசனை 1959-ல் காராகவே வந்தது. சடன் பிரேக் போட்டாலும் சக்கரம் வழுக்காத ஏ.பி.எஸ். பிரேக்கை 1978-ல் எஸ் கிளாஸ் காரில் கொண்டுவந்தார்கள். இன்று சின்னக் கார்களிலும் இவை வந்துவிட்டன.

போப் 2-ம் ஜான் பால் நின்றபடி ஆசி வழங்கிய கண்ணாடிக் கூண்டு வண்டி, இளவரசி டயானா ஓட்டிய சிவப்புக் கார் ஆகியவற்றின் முன்பு போட்டோ எடுக்க எப்போதும் கூட்டம்தான்.

மறைக்க முடியாத கறை

பளபளப்புக்கு நடுவே ஒரு இருட்டுப் பக்கமும் இருக்கிறது. இட்லர் ஆட்சியில் போருக்காக விமான என்ஜின்களையும் ராணுவ வண்டிகளையும் இந்தக் கம்பெனி செய்து கொடுத்தது. 1944-ம் ஆண்டு அதன் ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் 63,610 பேர். இவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வலுக்கட்டாயமாகப் பிடித்து வரப்பட்டவர்கள், போர்க் கைதிகள், வதை முகாம் கைதிகள். இதை இன்று கம்பெனியே ஒப்புக்கொள்கிறது.

அவர்களுக்காக கம்பெனி பணம் ஒதுக்கியது 1988-ம் ஆண்டில்தான். 2 கோடி மார்க் கொடுத்தது. பிறகு ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் 2000-ம் ஆண்டில் சேர்ந்து அமைத்த நிதியிலும் பங்கு போட்டது. அதற்குள் அவர்களில் எத்தனையோ பேர் கண்ணை மூடிவிட்டார்கள்.

நம்ம ஊர் லாரியும் சொந்தம்தான்

பென்சுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பழைய லாரி டிரைவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1954-ம் ஆண்டில் டாடாவும் பென்ஸ் கம்பெனியும் கைகோர்த்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கின. 15 ஆண்டுகள் நீடித்த அந்த ஒப்பந்தத்தில் வந்த லாரிகளின் நெற்றியிலும் இருந்தது அதே மூன்று முனை நட்சத்திரம். சென்னையை அடுத்த ஒரகடத்தில் 2012-ம் ஆண்டு முதல் டைம்லரின் பாரத் பென்ஸ் லாரிகள் தயாராகின்றன.

மியூசியத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. டிக்கெட் உண்டு. ஸ்டுட்கார்ட் பக்கம் போகிறவர்கள் இறக்கைக் காரைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்பாமல், உச்சி மாடியில் நிற்கும் முக்கால் குதிரை சக்தி வண்டியையும் நின்று பார்க்கணும். ஏலத்தில் ஆயிரம் கோடிக்கு மேல் போன காருக்கும் ஆரம்பம் அங்கேதான். பெர்தாவின் சீதனமும், செருப்பு தைத்தவர் அடித்துக் கொடுத்த தோலும் போட்ட முதல்தான் அது.