தீயும் நிதியும்

பழனி மலையின் கீழ்ச்சரிவில், தாண்டிக்குடி செல்லும் வழியில் இருக்கிறது எங்கள் பெரும்பாறை. காப்பியும் மிளகும் மலைவாழையும் எங்கள் செல்வம். மாசி, பங்குனியில் காய்ந்து கிடக்கும் சருகு எங்கள் அச்சம்.

நான் பள்ளி இறுதி வகுப்பில் படித்தபோது, ஒரு மாசி மாத இரவில் எங்கள் தெருப் பாட்டி ஒருவரின் கூரை வீடு தீப்பற்றியது. குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கும் வீட்டுக்குமாக ஓடினோம். சமவெளியிலிருந்து தீயணைப்பு வண்டி வளைவுகளில் ஏறி வந்து சேர்ந்தபோது எஞ்சியது சாம்பல்தான். அந்த ஆண்டின் மிளகு மூட்டைகளும் அதில் அடக்கம். வந்த வீரர்கள் மீது குற்றமில்லை. கங்குகள் காற்றில் பறந்து அடுத்த கூரையில் விழாதபடி விடியும்வரை நின்று நனைத்தார்கள். பாட்டி கேட்டது ஒன்றுதான்: "வண்டி இம்புட்டுப் பெருசா இருக்கே சாமி, வாரதுக்கு ஏன் இம்புட்டு நேரம்?"

பொருளாதாரம் பயிலும் மாணவனான பின் அக்கேள்விக்கு விடை தேடினேன். கண்டவற்றை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

முதலில், தீயணைப்புக்குப் பணம் தருவது யார்? தமிழ்நாட்டில் தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையை நடத்துவது மாநில அரசு. 1992ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சிகளுக்குரிய பணிகளைப் பட்டியலிட்டன. நகராட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையின் 18 பணிகளில் தீயணைப்பும் ஒன்று. ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையில் 29 பணிகள் உண்டு. தீயணைப்பு மட்டும் இல்லை! நகரம் எது, சிற்றூர் எது என்று பார்த்தா தீ பற்றுகிறது?

பதினைந்தாவது நிதிக்குழுவின் பரிந்துரையை ஒட்டி, மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கவும் நவீனமாக்கவும் மத்திய அரசு 2023இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மொத்த ஒதுக்கீடு 5,000 கோடி ரூபாய். அதில் 500 கோடி, சீர்திருத்தம் செய்யும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகை. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் செலவில் 25 விழுக்காட்டைத் தாமே ஏற்க வேண்டும். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 10 விழுக்காடே. மலை என்ற சலுகை இமயத்துக்கு உண்டு. பழனி மலைக்கு இல்லை.

அடுத்து, பணம் வந்தால் எதை வாங்குவது? நவீனம் என்றதும் வானுயர்ந்த ஏணி வண்டியே நம் கண்முன் நிற்கும். அடுக்குமாடிகள் நிறைந்த சென்னைக்கு அது தேவைதான். மலையூரின் தேவை வேறு. தீ நிலைக்க எரிபொருள், வெப்பம், உயிர்வளி மூன்றும் வேண்டும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்கிறது. குடத்து நீரை வீசினால் பெரும்பகுதி ஆவியாகாமல் தரையில் ஓடிவிடும். அதே நீரை உயர் அழுத்தத்தில் பனிபோலத் தூவினால், பரப்பு பெருகி விரைவில் ஆவியாகிறது. அந்த ஆவி சுமார் 1,700 மடங்கு விரிந்து, தீயை அண்டும் உயிர்வளியையும் விலக்குகிறது. இவ்வாறு, சுமார் 10 லிட்டர் நீரை முதுகில் சுமந்து சென்று தூவும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றோடு, ஓடையிலிருந்தே நீர் இறைக்க இருவர் தூக்கும் பம்பு ஒன்றும், குறுகிய பாதையில் ஏறும் ஜீப் ஒன்றும் இருந்தால், சிறு தீ பெருந்தீ ஆகுமுன் அடக்கலாம்.

காட்டுத் தீக்கும் இது பொருந்தும். சரிவில் மேல்நோக்கி ஏறும் தீ, தனக்கு முன்னுள்ள புல்லைச் சூடாக்கிக்கொண்டே போவதால் வேகம் பெறுகிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த தீயை எவர் மறப்பர்? இன்று செயற்கைக்கோள் காட்டுத் தீயைக் கண்டு சொல்கிறது. 2024 மார்ச்சில் குன்னூரில் விமானப்படை ஹெலிகாப்டர் பெரிய வாளியில் நீர் கொண்டுவந்து ஊற்றியது. ஆயினும் சருகை அகற்றித் தீத்தடுப்புக் கோடு போட, அருகில் ஆள் வேண்டும். அவர் கையில் கருவியும் வேண்டும்.

ஆகவே பாட்டியின் கேள்விக்கு விடை, வண்டியின் அளவில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. எத்தனை கோடி ஒதுக்கினாலும், முதல் சில நிமிடங்களில் ஊருக்குள் ஒரு கருவியும், அதை இயக்கப் பயின்ற நால்வரும் இல்லையெனில், அந்நிதி மலையேறி வரவில்லை என்றே பொருள்.

கேட்டால்தானே கிடைக்கும்? ஜனவரி 26 கிராம சபை, கோடைக்குச் சற்று முன்பாகவே வருகிறது. மலையூர்களில் சிறு கருவிகளும், இளைஞர்களுக்குப் பயிற்சியும் தரவேண்டும் என்று எங்கள் ஊரில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். மலையூர்களிலிருந்து இங்கு வந்து பயிலும் நண்பர்களும் தத்தம் ஊரில் அவ்வாறே செய்ய வேண்டுகிறேன். வாசகங்களைத் திருத்தித் தர நம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

பாட்டி இப்போது தகரக் கூரையின் கீழ் வாழ்கிறார். மிளகு மூட்டைகளை மட்டும் இன்னமும் எங்கள் வீட்டில்தான் கொண்டுவந்து வைக்கிறார்.