பழி பூச்சிக்கு, பாடு பெருங்குடலுக்கு

வயிற்றுப் பூச்சியால் பெருங்குடலில் புற்றுநோய் வருமா? நம் பக்கத்தில் பேர் தெரிந்த கொக்கிப்புழு, நாக்குப்பூச்சி, கீரிப்பூச்சி எதையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றை உண்டாக்கும் பட்டியலில் சேர்க்கவில்லை. அதன் முதல் வரிசையில் மூன்றே புழுக்கள். ஒன்று, ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் நத்தை வழியாகப் பரவிச் சிறுநீர்ப்பையைக் கெடுக்கும் ரத்தப்புழு. மற்ற இரண்டும் தாய்லாந்து, சீனா, கொரியா பக்கம் ஆற்று மீனைப் பச்சையாகத் தின்பவர்களின் பித்தக்குழாயில் குடியேறும் தட்டைப்புழுக்கள். மீனைக் குழம்பில் கொதிக்க வைக்காமல் வாயில் வைக்காத விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் அந்தக் கவலை வேண்டாம். பெருங்குடலை ஓரளவு நெருங்குவது சீனாவிலும் ஜப்பானிலும் அறியப்பட்ட வேறொரு ரத்தப்புழு. அதற்கும் 'இருக்கலாம்' என்கிற வரிசையில்தான் இடம்.

புழுவைப் புற்றோடு முடிச்சுப் போடுவதில் விஞ்ஞானமே ஒருமுறை ஏமாந்திருக்கிறது. எலியின் இரைப்பையில் புழுதான் புற்றை உண்டாக்குகிறது என்று சொன்ன டென்மார்க் மருத்துவருக்கு 1926ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த எலிகளுக்கு வைட்டமின் ஏ பற்றாக்குறை இருந்ததும், அவர் கண்ட கட்டிகள் பெரும்பாலும் புற்றே அல்ல என்பதும் பிறகுதான் தெளிவாயிற்று. இன்று பேசப்படுவது தண்ணீர் வழியாகத் தொற்றும் கிரிப்டோஸ்போரிடியம் என்கிற ஒட்டுண்ணி. நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய எலிகளின் குடலில் இது புற்றை உண்டாக்கியதைப் பிரான்சின் லீல் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெருங்குடல் புற்றாளிகளிடம் இந்த ஒட்டுண்ணி கூடுதலாக இருப்பதாகவும் சில ஆய்வுகள் சொல்கின்றன. கிருமி வந்து புற்று வந்ததா, புற்றால் இளைத்த உடம்பில் கிருமி ஏறிக்கொண்டதா என்பதை அந்தக் கணக்குகள் பிரித்துச் சொல்லவில்லை.

ஆனால் நம் வட்டாரத்தில் பூச்சிக்கும் இந்தப் புற்றுக்கும் வேறொரு உறவு இருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. மயிலம், மரக்காணம் பக்கத்துச் செம்மண்ணும் மணலும் கலந்த ஈர நிலம் கொக்கிப்புழுவுக்குத் தோதானது. மல்லாட்டைக் கொல்லையிலும் கரும்புத் தோட்டத்திலும் வெறுங்காலோடு நிற்பவர்களின் தோலைத் துளைத்து நுழையும் அந்தப் புழு, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலைச் சேர்கிறது. அங்கே கவ்விக்கொண்டு நாள்தோறும் ரத்தம் குடிக்கிறது. பல்லாண்டுகளாக இதைப் பார்த்துப் பழகியதால், முகம் வெளுத்து மூச்சு வாங்குகிற யாரைக் கண்டாலும் "ரத்தம் கம்மி, பூச்சி இருக்கும்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பூச்சி மாத்திரை ஒன்று, சத்து மாத்திரை ஒரு அட்டை, அதோடு வைத்தியம் முடிந்தது.

இருபது வயதுப் பெண்ணுக்கு இந்தக் கணிப்பால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஐம்பத்தைந்து வயது ஆணுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ இதுவே ஆபத்து. பெருங்குடலின் வலப்பக்கம் அகலமானது. அங்கே மலம் நீராகவே இருக்கும். அதனால் அங்கு முளைக்கும் கட்டி நெடுநாள் அடைப்போ வலியோ தராமல், கண்ணுக்குத் தெரியாதபடி ரத்தத்தைக் கசியவிடும். முதல் அடையாளம் பெரும்பாலும் சோகைதான், கொக்கிப்புழு தருகிற அதே சோகை. இரும்புச்சத்து மாத்திரை தின்றால் கட்டி இருந்தாலும் ஹீமோகுளோபின் கொஞ்சம் ஏறும். "மருந்து கேட்டுவிட்டது" என்று வீடு நிம்மதியடையும். ஆறு மாதம் கழித்து மறுபடி வெளுத்தால், மறுபடி பூச்சி மாத்திரை. கட்டி இடப்பக்கம் இருந்து ரத்தம் கண்ணுக்கே தெரிந்தாலும், அதற்கு 'மூலச்சூடு' என்று இன்னொரு பெயர் தயாராக இருக்கிறது.

பூச்சி மாத்திரையைக் குறை சொன்னால் பிள்ளைகள் விழுங்க மறுப்பார்கள் என்பது ஒரு வாதம். 2015 முதல் நடக்கும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயதுவரை தரப்படும் அல்பெண்டசோல் தொடர வேண்டியதே. நம் கவலை அந்த வயதைத் தாண்டியவர்களைப் பற்றியது. இந்தியாவில் இந்தப் புற்று மேலை நாடுகளைவிடக் குறைவு என்பது இன்னொரு வாதம். உண்மைதான். வந்தவர் பிழைப்பது நோயைக் கண்டுபிடிக்கும் நேரத்தைப் பொறுத்தது. குடலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைத் தாண்டுகிறார்கள், வேறு உறுப்புக்குப் பரவியபின் கண்டால் பத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை என்கிறது அமெரிக்கக் கணக்கு. வெளுத்தவர்களுக்கெல்லாம் பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்ய முடியுமா என்று கேட்பார்கள். முடியாது, தேவையும் இல்லை. முதலில் மலத்தைச் சோதித்துப் புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். முட்டையே இல்லாதவரின் சோகைக்குப் பூச்சியைக் காரணம் காட்டுவது கடினம்.

முட்டை இருந்தாலும் விஷயம் முடிந்துவிடாது, ஒரே உடம்பில் புழுவும் கட்டியும் சேர்ந்தே இருக்கலாம். மலத்தில் மறைந்த ரத்தத்தைக் காட்டும் ஃபிட் சோதனை இங்கே கைகொடுக்கும். சிறுகுடலில் கசியும் ரத்தம் வழியிலேயே பெரிதும் செரித்துவிடுவதால், அது முக்கியமாகப் பெருங்குடல் ரத்தத்தையே பிடிக்கிறது. வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுகளுக்கு நாடு தழுவிய பரிசோதனைத் திட்டம் உண்டு. பெருங்குடல் அந்த வரிசையில் இன்னும் சேரவில்லை. அதனால் கேட்டு வாங்கும் பொறுப்பு வீட்டாருக்கு வருகிறது. நாற்பத்தைந்தைக் கடந்தவருக்குக் காரணம் தெரியாமல் ரத்தம் குறைந்தால், மாத்திரைச் சீட்டிலேயே "ஒரு மாதம் கழித்து ரத்தம் பார்க்கவும்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஏறாவிட்டாலும், ஏறிவிட்டு மறுபடி இறங்கினாலும், குடலைப் பார்த்தே ஆக வேண்டும். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. இரண்டாவது முறை பூச்சி மாத்திரை வாங்கப் போகிறவர், மருந்துக்கடைக்குப் பதில் அங்கே போகிற பேருந்தில் ஏறுவது நல்லது.