பெயர் வைப்பதற்கு முன்னால்
புதிய விலங்கினங்கள் அறிவுலகுக்கு வரும் வழி

பத்தாந்தர வகுப்பில் ஒரு நாள் ஆகுபெயர் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இடையில் பின் வாங்கிலிருந்து ஒரு கேள்வி வந்தது. "சேர், புதுசா ஒரு மிருகத்தக் கண்டுபிடிச்சா நம்மட பேரையே வைக்க ஏலுமா?" வகுப்பே சிரித்தது. விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் பெயரைப் பற்றிய கேள்வியைத் தமிழ் ஆசிரியன் ஒருவன் தட்டிக்கழிக்கக் கூடாது. "தேடிப் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் தேடலில் கிடைத்தவையே இக்கட்டுரை.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஒரு விலங்கைக் காண்பது வேறு, அதைப் புதிய இனம் என்று நிறுவுவது வேறு. இரண்டுக்கும் இடையில் சில மாதங்களும் கழியலாம், ஒரு நூற்றாண்டும் கழியலாம்.

ஒரு குரலில் தொடங்கிய கதை

1995ஆம் ஆண்டு கித்துல்கல காட்டில் பறவை ஆய்வாளர் தீபால் வறக்காகொட இரவில் ஒரு குரலைக் கேட்டார். இலங்கைப் பறவைகளின் குரல்களை நன்கு அறிந்தவர் அவர். அவருக்கே அந்தக் குரல் தெரிந்ததாக இல்லை. ஆந்தைகள் தம் குரலைப் பிற பறவைகளிடமிருந்து பழகுவதில்லை, அது பிறவியிலேயே அமைவது. ஆகவே அறியாத குரல் என்றால் அறியாத ஆந்தையாக இருக்கக்கூடும். ஆனால் குரலை மட்டும் வைத்துக்கொண்டு யாரிடம் போய்ச் சொல்வது? 2001 ஜனவரியில்தான் சிங்கராஜ வனத்தில் அந்தப் பறவையைக் கண்ணால் காணக் கிடைத்தது. செம்மண்ணிற இறகுகள் கொண்ட, கையளவே உள்ள சின்ன ஆந்தை.

அப்போதும் வேலை முடியவில்லை. உருவத்தையும் குரலையும் உறவுடைய பிற ஆந்தைகளோடு ஒப்பிட்டு, அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசனும் அவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை 2004இல் வெளிவந்தது. அன்றுதான் அந்த ஆந்தைக்கு 'ஓட்டஸ் திலோஹொஃப்மனி' என்ற பெயர் கிடைத்தது. 1970களில் சிங்கராஜ வனத்தில் மரம் தறிப்பதை எதிர்த்துப் போராடிய திலோ ஹொஃப்மனைக் கௌரவித்து வைத்த பெயர். குரல் கேட்டதற்கும் பெயர் கிடைத்ததற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள்!

இரு சொற்கள், ஒரு மூல மாதிரி

எந்த விலங்குக்கும் விஞ்ஞானப் பெயர் இரண்டு சொற்களால் ஆனது. முதற்சொல் சாதி, இரண்டாவது இனம். பாடப் புத்தகத்தில் 'இருசொற் பெயரீடு' என்று பிள்ளைகள் பாடமாக்குவது இதைத்தான். சுவீடன் நாட்டவரான லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட நூற்பதிப்பிலிருந்தே விலங்குப் பெயர்களின் கணக்கு தொடங்குகிறது. பெயரிடுவதற்கென்று சர்வதேசச் சட்டக்கோவை ஒன்றும் இருக்கிறது. பெயர் இலத்தீன் எழுத்துகளில் அமைய வேண்டும். வேறு விலங்குக்கு ஏற்கெனவே வைத்த பெயராக இருக்கக் கூடாது. எந்தெந்த அடையாளங்களால் இது மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது என்ற விளக்கத்தோடு பிரசுரமாக வேண்டும். வாய்ப்பேச்சும் பத்திரிகைச் செய்தியும் போதாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 'மூல மாதிரி'. பெயர் வைக்கும்போது, குறித்த ஒரு மாதிரியைத் தெரிவு செய்து, 'இப்பெயர் இதற்கு உரியது' என்று அறிவித்து, நூதனசாலை போன்ற பொது இடம் ஒன்றில் பாதுகாப்பில் வைக்கிறார்கள். பிற்காலத்தில் சந்தேகம் வந்தால் அதனையே போய்ப் பார்க்க வேண்டும். நம்மட அரபுத் தமிழ்க் கிதாபுகளைப் பதிப்பிப்பவர்களுக்கு இது இலேசாக விளங்கும். பாட பேதம் வந்தால் கையெழுத்துப் பிரதியைத்தானே தேடிப் போகிறோம்? அப்படித்தான் இதுவும்.

வீட்டுத் தோட்டத்துத் தவளை

ஒப்பீட்டின் அருமையைக் காட்ட இலங்கையின் பற்றைத் தவளைகளைவிட நல்ல உதாரணம் இல்லை. இவை முட்டையிடக் குளம் குட்டை தேடுவதில்லை. சில மண்ணுக்குள் முட்டையிடும், சில இலையில் இடும். வாற்பேய் என்று வாலோடு நீந்தும் பருவமும் இவற்றுக்குக் கிடையாது. முட்டைக்குள்ளிருந்து நேரே குட்டித் தவளையாகவே வெளியே வரும்.

ஒரே இனத்துக்குள் பல நிறங்கள் இருக்கும். வெவ்வேறு இனங்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். அதனால் நெடுங்காலமாக இவற்றையெல்லாம் ஒரு சில பெயர்களுக்குள் அடக்கி வைத்திருந்தார்கள். 1990களில் ரொஹான் பெத்தியாகொட, கெலும் மனமேந்திர ஆரச்சி முதலானோர் காடு காடாகத் தேடினார்கள். உடல் நீளம், விரலிடைச் சவ்வு, தோலின் தன்மை, குரல் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். மாதவ மீகஸ்கும்புர டீ.என்.ஏ. ஆய்வைச் சேர்த்தார். இலங்கையின் தவளை வளம் எண்ணியதைவிட எவ்வளவோ பெரியது என்பதை 2002இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் இவர்கள் வெளியிட்ட கட்டுரை உலகுக்குச் சொன்னது. 2005இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரே சிறப்பிதழில் 35 புதிய இனங்கள் பெயர் பெற்றன.

அவற்றில் ஒன்றின் பெயர் 'பொப்புலாரிஸ்'. இலத்தீனில் 'மக்களுக்குரியது' என்று பொருள். அது காட்டுக்குள் ஒளிந்திருந்த அபூர்வம் அல்ல. ஈரவலயத் தாழ்நிலத்தில் மனிதக் குடியிருப்புகளை அண்டி, வீட்டுத் தோட்டங்களிலேயே வாழ்வது. எத்தனை உம்மாமார் விளக்குமாற்றால் விரட்டியிருப்பார்கள்! எல்லோரும் கண்ட தவளைதான். இது தனி இனம் என்று சொல்ல 2005 வரை ஆளில்லை.

பிழையும் திருத்தமும்

வகைப்படுத்தல் கல்லில் வெட்டிய எழுத்தல்ல. எதை அளவுகோலாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கை கொண்டு ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தார். லின்னேயஸ் உருவ ஒற்றுமை பார்த்தார். இன்றைய ஆய்வாளர்கள் பரம்பரை உறவையும் பார்க்கிறார்கள்.

நம் நாட்டுத் தேரை ஒன்றின் கதையைப் பாருங்கள். 1872இல் லண்டனில் இருந்த குந்தர் என்பவர் 'அடினோமஸ் கண்டியானஸ்' எனப் பின்னர் அறியப்பட்ட தேரையை விவரித்தார். பிறகு அது அழிந்துவிட்டதாகவே கருதினார்கள். 1998இல் மனமேந்திர ஆரச்சியும் பெத்தியாகொடவும் 'அடினோமஸ் தாசி' என்று ஒரு புதிய இனத்தை அறிவித்தார்கள். இரண்டும் ஒன்றே என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. முந்திய பெயரே நிலைக்கும் என்பது விதி. ஆகவே 1872இன் பெயர் நின்றது, 1998இன் பெயர் கழிந்தது. அந்தத் திருத்தத்தை எழுதியவர்களில் 1998இல் பெயர் வைத்த அதே இருவரும் இருந்தார்கள் என்பது என்னைக் கவர்ந்தது. தன் பிழையைத் தானே அச்சிலேற்றுகிற மனசு நம்மட இலக்கிய உலகில் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

பெயர் பிந்தினால்

இதெல்லாம் பெயருக்காக நடக்கும் தர்க்கம்தானே, இதனால் தவளைக்கு என்ன இலாபம் என்று கேட்கலாம். இலாபம் உண்டு. அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியல்களில் பெயரில்லாத ஒன்றைச் சேர்ப்பது இலேசல்ல. பட்டியலில் இல்லாததற்காக ஒரு பாதையையோ அணைக்கட்டையோ யாரும் திருப்பப் போவதில்லை.

2007இல் மேலும் இரு பற்றைத் தவளைகளுக்குப் பெயர் கிடைத்தது. ஒன்று 'பார்டஸ்', மற்றது 'மாயா'. இவற்றை ஆய்வாளர்கள் காட்டில் காணவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து கொண்டுபோய், லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் போத்தலுக்குள் கிடந்த உடல்களிலிருந்தே இனங்காணப்பட்டன. உயிரோடு தேடிப் பார்த்தும் அகப்படவில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரமும் இறப்பத்தாட்சிப் பத்திரமும் ஒரே தாளில் எழுதப்பட்டது போல. நாம் பிள்ளைக்கு ஏழாம் நாள் பெயர் வைக்கிறோம். அவற்றுக்கு நூறு வருடம் கழிந்து, எல்லாம் முடிந்த பிறகு பெயர் வைத்தார்கள். இலங்கையில் இப்படி அழிந்ததாகக் கருதப்படும் தவளை இனங்கள் ஒரு டசனுக்கும் அதிகம்.

ஆறுதலான செய்தியும் இல்லாமலில்லை. வைத்தியர் கெலார்ட் 1853இல் விவரித்த 'ஸ்டெலாட்டஸ்' என்ற புள்ளித் தவளையை அழிந்தவற்றோடு சேர்த்திருந்தார்கள். பாவா ஆதம் மலையைச் சூழ்ந்த காட்டில் 2009இல் அது மீண்டும் அகப்பட்டது. கெலார்ட் எழுதி வைத்த விவரிப்பு இருந்தபடியால்தான், கிடைத்தது எது என்று அடையாளம் சொல்ல முடிந்தது.

மறுவாரம் அந்த மாணவனிடம் பதில் சொன்னேன். "சட்டத்தில் வெளிப்படையான தடை இல்ல மகன். ஆனா தன்ட பேரைத் தானே வைக்கிற வழக்கம் இல்ல. அடுத்தவங்கட பேரை வைப்பாங்க, இல்லாட்டி ஊரின்ட பேரை வைப்பாங்க." அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு, "அப்ப எங்கட கிணத்தடியில கத்துற தவளைக்குப் பேர் இருக்கா சேர்?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. எந்த நேரம் கத்துகிறது, எங்கே இருந்து கத்துகிறது, எவ்வளவு பெரியது என்று கொப்பியில் எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.