மண்ணைப் பிசையும் கைகள்

காணியையும் வயலையும் விட்டு வந்த குடும்பங்களிடம் சட்டி பானை வனைவதைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மட்பாண்டம் காணிக்கு ஈடாகாது; சொந்த இடத்துக்குத் திரும்பும் உரிமைக்கு மாற்றாகவும் அமையாது. அலுமினியமும் பிளாஸ்ரிக்கும் மலிந்த சந்தையில் அதனால் பெரும் வருமானம் வரும் என்றும் நாம் சொல்லவில்லை. ஆயினும், நிவாரணத்துக்கு நீட்ட வேண்டியிருந்த கை ஒரு பொருளை ஆக்கும்போது மனிதனுக்குள் ஏதோ ஒன்று நிமிர்கிறது.

கமக்காரருக்கு இத்தொழிலில் பாதி ஏற்கெனவே தெரியும். எந்த மண் ஒட்டும், எது உதிரும் என்பதைக் காலால் மிதித்தே அறிந்தவர்கள் அவர்கள். ஈரக் களியை விரல் பருமனில் உருட்டி வளையமாக வளைத்துப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் அது வனைவதற்கு ஏற்றது. களி மிகுதியாக ஒட்டினால் காயும்போது சுருங்கி வெடிக்கும்; எனவே அரித்த மணலைச் சிறிது சேர்க்க வேண்டும். கல்லும் வேரும் நீக்கி, ஊறவைத்து, உள்ளே காற்று தங்காதபடி நன்றாக மிதித்துப் பிசைய வேண்டும்.

சக்கரம் இல்லையே என்று தயங்க வேண்டாம். களியைக் கயிறுபோல் திரித்து, வட்டமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடைவெளிகளை விரலால் தேய்த்து மூடலாம். பின் உட்புறம் ஒரு கல்லைப் பிடித்து, வெளிப்புறம் மரப்பலகையால் தட்டிச் சுவரை மெல்லியதாக்கலாம். நிழலில் பல நாட்கள் உலரவிட்ட பின்னரே சுட வேண்டும். ஈரம் எஞ்சியிருந்தால் அது நீராவியாகிப் பாண்டத்தை உடைத்துவிடும். ஆகையால் தொடக்கத்தில் நெருப்பு மெதுவாகவே இருக்கட்டும்.

வெயிலில் மட்டும் காய்ந்த பானையை நீரில் போட்டால் மீண்டும் களியாகிவிடும். சுமார் 600 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்ட பின்னரோ அது ஒருபோதும் களியாகாது. இந்த வேறுபாட்டை எரேமியா இறைவாக்கினர் நன்கு அறிந்திருந்தார். அவருடைய நூலின் 18ஆம் அதிகாரத்தில், கையில் கெட்டுப்போன ஈரக் களியைக் குயவன் எறியாமல் வேறொரு கலமாக வனைகிறான். 19ஆம் அதிகாரத்தில், சுட்ட கலயம் உடைக்கப்படுகிறது. அதை ஒட்டவைக்க முடியாது.

நம்மில் பலர் தம்மை அந்த உடைந்த கலயமாகவே எண்ணுகின்றனர். இழந்த உயிர்களையும் ஆண்டுகளையும் ஒட்டவைக்க முடியாது என்பது உண்மை. அதை மறைத்து ஆறுதல் கூறுவது அழகல்ல. ஆனால் மட்பாண்டத் தொழிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. உடைந்த ஓட்டை இடித்துத் தூளாக்கிப் புதுக் களியோடு கலப்பார்கள். அத்தூள் புதுப் பானை காயும்போது வெடிக்காமல் தாங்குகிறது. பட்ட துன்பமும் அவ்வாறே பிள்ளைகளின் வாழ்வைத் தாங்கும் பலமாகலாம். அதற்கு அதை எடுத்துப் பிசையும் கைகள் வேண்டும்.

"அது எங்கள் தொழில் இல்லையே" என்ற பேச்சும் நம்மிடையே உண்டு. 1980ஆம் ஆண்டில் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தபோது பழைய கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் வெளிப்பட்டன. அங்கு வாழ்ந்தவர்களைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பங்கு, பெயர் தெரியாத குயவர்களின் கைவேலையால் வந்தது. அத்தொழிலைத் தாழ்வாக எண்ணுவது நம் முன்னோரையே தாழ்த்துவதாகும். எனவே உங்களிடையே வனையத் தெரிந்தவர் இருந்தால் அவரை ஆசிரியராக ஏற்று, உரிய மதிப்பும் கூலியும் கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். பிறர் காணியிலோ குளத்திலோ அனுமதியின்றிக் களி வெட்ட வேண்டாம்.

முதலில் சிறியதொரு சட்டியைச் செய்து பாருங்கள். அது கோணலாகலாம், வெடிக்கலாம். சுடுமுன் வெடித்தால் நல்லதே. நீர் விட்டு மறுபடியும் பிசையுங்கள்.