வேலையை விட்டு மருத்துவர் உதவியாளர் ஆகலாமா? படிப்பு, சட்டம், வருமானம் பற்றி அறிய வேண்டியவை

இந்திய மருத்துவமனைகளில் 30 ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வரும் பணி அது. ஆயினும், நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அதன் பெயர் தெரியாது. மூத்த மருத்துவர் வருவதற்கு முன்பே படுக்கையருகே வந்து நோயின் வரலாற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்பவரைச் சிலர் இளம் மருத்துவர் என்றும், சிலர் செவிலியர் என்றும் எண்ணிக்கொள்கின்றனர். அவர் 'பிசிஷியன் அசிஸ்டென்ட்' எனப்படும் மருத்துவர் உதவியாளராக இருக்கக்கூடும். சுருக்கமாக 'பி.ஏ.' என்றால், அதைத் தனிச் செயலர் என்று புரிந்துகொள்வோரும் உண்டு.

2021-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய, துணைநிலை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இந்தப் பணியைத் தனது அட்டவணையில் சேர்த்தது. 2025 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் 10 துணை மருத்துவத் தொழில்களுக்கு நாடு முழுவதற்குமான பாடத்திட்டங்களை வெளியிட்டபோது, அவற்றில் இதுவும் ஒன்றாக இருந்தது. எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்காமல் வேறு துறைக்குச் சென்றவர்கள், ஆய்வக நுட்புநர்கள், மருந்தாளுநர்கள், செவிலியர்கள் ஆகியோர் 30 வயதை ஒட்டி இப்பணிக்கு மாறலாமா என்று யோசிப்பதற்கு இந்த அங்கீகாரம் ஒரு முக்கியக் காரணம். ஆனால், அங்கீகாரம் என்பது வேலை உத்தரவாதமோ, மருத்துவருக்குரிய உரிமையோ அன்று. குடும்பப் பொறுப்புடன் இருப்பவர் நான்கு ஆண்டு வருமானத்தைத் துறந்து எடுக்கும் முடிவு என்பதால், இந்த வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியமாகிறது.

தொழில் மாற்றத்தில் பிறந்த தொழில்

இப்பணியின் தோற்றமே ஒரு தொழில் மாற்றக் கதைதான். 1960-களில் அமெரிக்காவில் மருத்துவர் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. அதே வேளையில், கடற்படையில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய மருத்துவப் படைவீரர்கள் பணி முடிந்து திரும்பியபோது, அவர்களது திறமைக்குப் பொருத்தமான வேலை எதுவும் வெளியே இல்லை. கைத்திறன் இருந்தது, சான்றிதழ் இல்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பேராசிரியர் யூஜின் ஸ்டெட், இந்த இரண்டு நிலைமைகளையும் இணைத்து 1965-இல் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். முதல் அணியில் சேர்ந்த நால்வரும் முன்னாள் கடற்படை மருத்துவ உதவியாளர்கள். அவர்களில் மூவர் 1967-இல் பயிற்சியை முடித்தனர்.

இந்தியாவுக்கு இப்படிப்பு வந்தது சென்னை வழியாக. 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நாட்டின் முதல் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சையைச் செய்த டாக்டர் கே.எம். செரியன், தாம் நிறுவிய மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனையில் 1992-இல் இப்பயிற்சியைத் தொடங்கினார். எனவேதான் இந்தியாவில் இத்தொழில் இதய அறுவைச் சிகிச்சைத் துறையை ஒட்டியே வளர்ந்தது. பின்னர் சிறுநீரகம், நரம்பியல், எலும்பு முறிவு, புற்றுநோய், அவசரச் சிகிச்சை ஆகிய துறைகளுக்கும் அது பரவியது.

நாள்தோறும் செய்யும் பணி

மருத்துவர் உதவியாளர் தனித்து மருத்துவம் பார்ப்பவர் அல்லர். ஒரு மருத்துவரின் மேற்பார்வையில், அவரது பணியின் ஒரு பகுதியைச் செய்பவர். நோயின் வரலாற்றைக் கேட்டறிதல், உடலைப் பரிசோதித்தல், அவற்றை நோயாளியின் ஏட்டில் ஒழுங்காகப் பதிதல், மருத்துவர் வார்டுகளைப் பார்வையிடும்போது ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் எடுத்துரைத்தல், பரிசோதனை முடிவுகளைத் தொகுத்து மாறுதல் தென்பட்டால் உடனே தெரிவித்தல், வீடு திரும்பும் நோயாளிக்கான குறிப்பைத் தயாரித்தல் ஆகியவை அன்றாடப் பணிகள்.

அறுவை அரங்கில் பணி வேறு வகையானது. பைபாஸ் சிகிச்சையில் அறுவை மருத்துவர் மார்பைத் திறந்து இதயத்தை ஆயத்தப்படுத்தும் நேரத்தில், நோயாளியின் காலிலிருந்து சிரையை எடுத்துத் தரும் பணியைப் பல மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற மருத்துவர் உதவியாளர்கள் செய்கின்றனர். சிரையின் கிளைகளைக் கட்டி, சுவரில் கீறல் விழாமல் எடுக்க வேண்டும். அந்தச் சிரைதான் அடைப்பைச் சுற்றி இதயத்துக்கு ரத்தம் கொண்டு செல்லப் போகிறது. இது புத்தகத்தால் மட்டும் வருவதன்று. பல மாதங்கள் மூத்தவர்களின் அருகில் நின்று கற்க வேண்டியது. ஐந்தாறு மணி நேரம் தொடர்ந்து நிற்பதும், இரவுப் பணியும், விடுமுறை நாள் அழைப்பும் இதன் இயல்பான பகுதிகள். மேசையருகே அமர்ந்து வேலை பார்த்துப் பழகியவர்கள் கல்விக் கட்டணத்தைக் கணக்கிடும் முன் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

நோயாளிகளின் குடும்பத்தினரிடம் பேசுவது விளம்பரங்களில் இடம்பெறாத இன்னொரு பெரும் பணி. மருத்துவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிச் சென்றதை எளிய மொழியில் மீண்டும் விளக்குவதற்கு அவர்கள் தேடி வருவது பெரும்பாலும் இவரைத்தான். வேறு தொழிலில் பல ஆண்டுகள் மனிதர்களுடன் பழகியவர்களுக்கு, 21 வயதில் பட்டம் பெறுபவரிடம் இல்லாத அனுகூலம் இந்த இடத்தில் கிடைக்கிறது.

யார் சேரலாம்?

இந்தியாவில் வழக்கமான வழி, பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் என்னும் பட்டப்படிப்பு. தமிழகத்தில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது மூன்று ஆண்டு வகுப்பும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியுமாக நடைபெறுகிறது. பிளஸ் 2 வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். நீட் தேர்வு இல்லை. பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடைபெறுகிறது.

தொழில் மாற விரும்புவோர் முதலில் தடுமாறும் இடம் இதுவே. வணிகவியல் அல்லது கணினி அறிவியல் பிரிவில் படித்துப் பட்டமும் பெற்று, பத்து ஆண்டு அனுபவமும் உள்ள ஒருவருக்குப் பிளஸ் 2 வகுப்பில் உயிரியல் இல்லையென்றால் கதவு மூடியே இருக்கும். தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக உயிரியலைத் தனிப் பாடமாக எழுதலாம் என்று சிலர் ஆலோசனை கூறுகின்றனர். அதைச் செய்வதற்கு முன், சேர விரும்பும் பல்கலைக்கழகம் அத்தகைய சான்றிதழை ஏற்குமா, வயது வரம்பு எவ்வளவு என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெற வேண்டும். தரகர்கள் தொலைபேசியில் தரும் உறுதிமொழிக்கு மதிப்பில்லை.

செவிலியர் பட்டம் பெற்றவர்களின் நிலை சற்றுச் சிக்கலானது. அவர்களுக்கு உடற்கூறு, மருந்தியல், வார்டு நடைமுறை எல்லாம் முன்பே தெரியும். ஆயினும், அந்த அனுபவத்துக்காக நான்கு ஆண்டுகளில் பெரிய கழிவு எதுவும் கிடைப்பதில்லை. மேலும், செவிலியருக்குத் தனிக் கவுன்சில், பதிவு எண், அரசுப் பணியிடங்கள், வெளிநாட்டு வாய்ப்புகள் ஆகியவை ஏற்கெனவே உள்ளன. மருத்துவர் உதவியாளர் வேலைகள் பெரும்பாலும் பெருநகரங்களின் தனியார் மருத்துவமனைகளில்தான் உள்ளன. ஆகவே, பதவியின் பெயர் உயர்வாகத் தோன்றுகிறது என்பதற்காக மட்டும் ஒரு செவிலியர் இம்மாற்றத்தைச் செய்வது லாபகரமானது என்று கூற இயலாது. அறுவை அரங்கிலோ, தீவிர சிகிச்சைப் பிரிவிலோ மருத்துவருக்கு இணையாக நின்று பணியாற்றும் வேட்கை உள்ளவருக்கு இது பொருந்தலாம்.

ஆறு மாதச் சான்றிதழ், இணையவழிப் பட்டயம் என்னும் பெயர்களில் வரும் அறிவிப்புகளை ஒதுக்கிவிடலாம். 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, துணைநிலைச் சுகாதாரத் தொழிலர் எனப்படுவதற்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரப் பயிற்சியுடைய பட்டயமோ, பட்டமோ தேவை. இச்சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூரக் கல்வியிலோ, இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் 2025 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. வேலையை விடாமலேயே படித்துவிடலாம் என்ற எண்ணம் இத்துறையில் செல்லாது.

சட்டம் வகுத்த எல்லை

தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019-இன் 34-ஆவது பிரிவின்படி, மருத்துவர் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் மருத்துவத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, ரூ. 5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மருத்துவர் உதவியாளர் தம் பெயரில் மருந்துச் சீட்டு எழுதவோ, கிளினிக் திறக்கவோ, பெயருக்கு முன் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளவோ இயலாது.

இந்த எல்லை எவ்வளவு உறுதியானது என்பதற்கு அஸ்ஸாம் ஓர் எடுத்துக்காட்டு. கிராமப்புறங்களில் மருத்துவர் இல்லாத குறையைப் போக்க அம்மாநிலம் 2004-இல் ஒரு சட்டம் இயற்றி, கிராமப்புறச் சுகாதாரத்துக்கான மூன்றாண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. அச்சட்டத்தை குவாஹாட்டி உயர் நீதிமன்றம் 2014-இல் ரத்து செய்தது. நீதிபதிகள் பி.ஆர். கவாய், பி.வி. நாகரத்னா ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2023 ஜனவரியில் அதை உறுதி செய்தது. நவீன மருத்துவக் கல்வியின் தரத்தை வகுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திடமே உள்ளது என்பது தீர்ப்பின் சாரம். அப்படிப்பை முடித்தவர்களுக்கு வேறு பெயரில், மாநிலம் பின்னர் இயற்றிய சட்டத்தின் கீழ் இடம் தரப்பட்டது. எனினும், சட்டம் நிலைபெறும் முன் படிப்பில் சேர்பவர்கள் எத்தகைய இடரை ஏற்கிறார்கள் என்பதை இவ்வழக்கு காட்டியது.

மருத்துவர் உதவியாளர்களைப் பொருத்தவரை மத்தியச் சட்டமே இருப்பதால் நிலைமை அதைவிட உறுதியானது. ஆனால், சட்டம் வந்த வேகத்தில் மாநிலக் கவுன்சில்கள் வரவில்லை. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, சட்டத்தை நடைமுறைப்படுத்த மத்திய, மாநில அரசுகளுக்கு இரண்டு மாதக் கெடு விதிக்க நேர்ந்தது குறிப்பிடத்தக்கது. தம் மாநிலத்தில் கவுன்சில் செயல்படுகிறதா, பதிவு நடைபெறுகிறதா என்பது, கல்லூரியின் கட்டட அழகைவிட முதன்மையாக விசாரிக்கப்பட வேண்டிய செய்தி.

அமெரிக்காவும் பிரிட்டனும்

இப்படிப்புக்கான விளம்பரங்களில் அமெரிக்கச் சம்பளம் அடிக்கடி இடம்பெறுகிறது. அங்கு இப்பணியில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஈட்டுவது வழக்கம் என்பது உண்மையே. சொல்லாமல் விடப்படும் உண்மை வேறு. அமெரிக்காவில் உரிமம் பெறுவதற்கான தேசியத் தேர்வை எழுத, அந்நாட்டுத் தர அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்து முடித்திருக்க வேண்டும். இந்தியப் பட்டத்தைக் கொண்டு அத்தேர்வை எழுத முடியாது. அங்கு அது முதுநிலைப் படிப்பு. ஏறத்தாழ இரண்டே கால் ஆண்டு நீளும். பல கல்லூரிகள் நோயாளிகளுடன் நேரடியாகப் பணியாற்றிய அனுபவத்தையும் கேட்கின்றன. எனவே, வெளிநாடு செல்வதையே நோக்கமாகக் கொண்டவர் அங்கேயே புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

பிரிட்டனில் இப்பணி கடும் விவாதத்தில் சிக்கியுள்ளது. தங்களைப் பரிசோதித்தவர் மருத்துவர் அல்லர் என்பதை அறியாமலேயே நோயாளிகள் சிகிச்சை பெற்றதும், நோய் தவறாகக் கணிக்கப்பட்ட நிகழ்வுகளும் அங்கு எதிர்ப்பை வளர்த்தன. 2024 டிசம்பரில் பொது மருத்துவக் கவுன்சிலின் கட்டுப்பாட்டில் இவர்கள் கொண்டுவரப்பட்டனர். 2025 ஜூலையில் வெளியான லெங் ஆய்வறிக்கை, 'பிசிஷியன் அசோசியேட்' என்னும் பெயரை விடுத்து 'அசிஸ்டென்ட்' என்றே அழைக்க வேண்டும் எனவும், நோய் இன்னதென்று கண்டறியப்படாத நோயாளிகளை இவர்கள் பொதுவாகப் பார்க்கக் கூடாது எனவும் பரிந்துரைத்தது. அமெரிக்க மருத்துவர் உதவியாளர்களின் சங்கமோ 2021-இல் 'அசிஸ்டென்ட்' என்பதை விடுத்து 'அசோசியேட்' என்னும் பெயரைத் தேர்ந்தது. ஒரே தொழில், இரு நாடுகளில் எதிரெதிர்த் திசையில் நகர்கிறது. இந்தியச் சட்டம் 'அசோசியேட்' என்னும் சொல்லையே ஆள்கிறது. கல்லூரிகள் பழைய பெயரில் பட்டம் வழங்கி வருகின்றன. பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கும், பதிவுக்கு அது ஏற்கப்படுமா என்பதையும் சேரும் முன்பே கேட்டுவிடலாம்.

பணக் கணக்கு

மாதம் ரூ. 40,000 ஈட்டும் ஒருவர் வேலையை விட்டால், 48 மாதங்களில் அவர் இழக்கும் வருமானம் ரூ. 19,20,000. கல்விக் கட்டணம், விடுதிச் செலவு, ஏற்கெனவே உள்ள கடன்களின் தவணை ஆகியவை தனி. உள்ளுறைப் பயிற்சி ஆண்டில் உதவித்தொகை உண்டா, எவ்வளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுகிறது. படித்து முடித்ததும் கிடைக்கும் தொடக்கச் சம்பளம், விட்டுவந்த வேலையின் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கவும் வாய்ப்புண்டு. அறுவை அரங்கு போன்ற சிறப்புப் பிரிவில் சில ஆண்டுகள் தேர்ச்சி பெற்ற பிறகே பேரம் பேசும் வலிமை வருகிறது. குடும்பத்தில் மற்றொருவரின் வருமானம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இந்தக் கணக்கு ஒன்றாக இராது.

முடிவெடுக்கும் முன், இப்பணியில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இருவரிடமாவது பேசுவது பயன்தரும். எந்தத் துறையில் பணி, எத்தனை இரவுகள், எந்தெந்தச் செயல்களைத் தனியே செய்ய அனுமதி, தவறு நேர்ந்தால் மருத்துவமனை காப்பீட்டில் தம் பெயர் உள்ளதா ஆகிய கேள்விகளுக்கு அவர்கள் தரும் விடை, கல்லூரி வெளியிடும் கையேட்டில் இராது. வழக்கமாக ஆண்டின் நடுப்பகுதியில் சேர்க்கை அறிவிப்புகள் வெளியாகின்றன. பிளஸ் 2 மதிப்பெண் பட்டியல், இருப்பிடச் சான்று, சாதிச் சான்று போன்ற பழைய ஆவணங்களைப் பள்ளியை விட்டு நீண்ட காலம் ஆனவர்கள் முன்னதாகவே தேடி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.