பழைய வண்டிதானே என்று விட்டுவிடாதீர்கள்

கார்த்திகை மாதத்து மழை இரவு. மணி பதினொன்று இருக்கும். உடப்புசல்லாவையில் நான் தங்கியிருக்கும் அறையில் தொலைபேசி அடித்தது. தோட்டத்தின் மேல் டிவிசனில் ஒரு தங்கச்சிக்கு வலி எடுத்துவிட்டதாம். எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்தில் இரவில் கூப்பிட்டால் வருகிற வண்டி ஒன்றே ஒன்றுதான். அது அக்காவின் லேண்ட்ரோவர்.

பத்து நிமிடம் கழித்து அக்காவே என்னை அழைத்தார். "மிஸ், வண்டி ஸ்டார்ட் ஆகல்ல. பொனற்றத் தூக்கிப் பார்த்தா பற்றரியக் காணோம். வயர வெட்டி எடுத்திருக்கானுங்க" என்றார். அவருடைய குரல் நடுங்கியது.

லயத்து ஆண்கள் வண்டியைத் தள்ளிப் பார்த்தார்கள். அந்த எஞ்சினில் டீசலைத் திறந்துவிடும் வால்வு மின்சாரத்தில் இயங்குவது. பற்றரி இல்லாமல் அது உயிர் பெறவில்லை. கடைசியில் அந்தத் தங்கச்சியைக் கம்பளியில் கிடத்தி, நான்கு பேர் பிரதான வீதி வரை தூக்கிவந்தார்கள். மரக்கறி ஏற்றப் போன லொறி ஒன்று நின்று ஏற்றிக்கொண்டது. தாயும் பிள்ளையும் தப்பினார்கள். லொறி வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே மனம் ஒப்பவில்லை.

ஒரு பற்றரி திருட்டுப் போனால் ஒரு தோட்டமே கால் இழந்துவிடுகிறது என்பதை அன்றுதான் நான் உணர்ந்தேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது வாழ்வாதாரம் என்ற சொல்லை எத்தனையோ பக்கங்களில் எழுதியிருக்கிறேன். அதன் பொருளை வெட்டப்பட்ட இரண்டு வயர்கள்தான் எனக்குக் காட்டின.

அக்காவும் அவர் வண்டியும்

அக்காவின் பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அப்போது அவருக்கு நான்கு வயது. கிளிநொச்சிப் பக்கம் வளர்ந்தார், திருமணம் செய்தார், கணவரோடு சேர்ந்து வயல் செய்தார். லேண்ட்மாஸ்டர் ஓட்டப் பழகியதும் அங்கேதான். 2009 ஆம் ஆண்டு யுத்தத்தின் கடைசி மாதங்களில் கணவரை இழந்தார். மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்தபின், இரண்டு பிள்ளைகளோடு உடப்புசல்லாவையில் இருந்த தாய்மாமனிடம் வந்து சேர்ந்தார்.

மாமாவிடம் இருந்தது 1960களில் செய்த லேண்ட்ரோவர். பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் பூட்டியது. மாமா படுக்கையில் விழுந்தபோது அக்கா சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தார். மாமா போனபின் வண்டி அவருக்கு வந்தது. பாடசாலைப் பிள்ளைகள், மரக்கறி மூட்டை, நோயாளிகள் என்று எல்லாம் அதில்தான் போகும். இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அதன் சக்கரத்தில்தான் ஓடுகிறது.

ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரைக்கும் சிறு ரயில் ஓடியது. அதற்கு உடப்புசல்லாவைப் பாதை என்றுதான் பெயர். 1940களில் அது நின்றுபோனது. அதன்பின் லொறியும் பஸ்ஸும் வந்தன. அவை ஏற முடியாத கல் பாதைகளுக்கு லேண்ட்ரோவர் வந்தது. இங்கிலாந்தில் செய்யப்பட்ட இந்த வண்டி முதலில் 1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே இரும்புக்குத் தட்டுப்பாடு. அதனால் வண்டியின் உடலை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். அதனால்தான் நம் மலை மழையிலும் உடல் துருப்பிடித்துக் கொட்டாமல் இத்தனை வருடம் நிற்கிறது.

திருடனுக்கு ஏன் இது வசதி?

"இந்தப் பழசை யார் திருடப் போறாங்க?" என்றுதான் அக்கா நினைத்திருந்தார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி அனுமதி கிடைத்தது 2025 தொடக்கத்தில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் விலை ஏறிவிட்டது. 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றோமே, அப்போது டீசல் தாங்கியில் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்த கதைகளையும் கேட்டோம்.

இந்த வண்டி அமைதியான காலத்து விவசாயிகளுக்காகச் செய்யப்பட்டது. பொனற்றுக்குப் பூட்டு இல்லை, கொக்கியை இழுத்தால் திறந்துவிடும். பக்கத்துக் கண்ணாடிகளைத் தள்ளித் திறக்கலாம். பின்பக்கம் கன்வஸ் என்றால் ஒரு கத்தி போதும். மேலதிக டயர் பொனற்றின் மேலேயே இருக்கும். ஐம்பது வருடம் தேய்ந்த திறப்புத் துவாரத்தில் எந்தத் திறப்பைப் போட்டாலும் திரும்பும். ஸ்டியரிங் பூட்டு வந்தது 1971 இல் தொடங்கிய மூன்றாம் வரிசை வண்டிகளில்தான். அதற்கு முந்தியவற்றில் அதுவும் கிடையாது.

நாங்கள் செய்தவை

மறுவாரம் அக்காவின் வீட்டு முற்றத்தில் நான்கைந்து பேர் கூடி யோசித்தோம். செய்தவற்றை இங்கே எழுதுகிறேன். லேண்ட்ரோவர் இல்லாவிட்டாலும் பழைய ஜீப், லேண்ட்மாஸ்டர், முச்சக்கரவண்டி வைத்திருக்கும் சகோதரிகளுக்கும் இவற்றில் பல பொருந்தும்.

நிறுத்தும் இடம்: முன்பு வண்டி பாதை ஓரத்தில் இருட்டில் நின்றது. இப்போது மாரியம்மன் கோயிலடியில், விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறது. முன்பக்கத்தை மதிலோடு ஒட்டி நிறுத்துவதால் பொனற்றின் முன்னே ஆள் நிற்க இடமிருக்காது.

சங்கிலி: மலைச்சரிவில் எஞ்சினை இயக்காமலே வண்டியைச் சத்தமின்றி உருட்டிக்கொண்டு போய்விடலாம். கியரில் விட்டாலும் கிளச்சை மிதித்தால் உருளும். ஆகவே பின்சக்கரத்தின் துவாரத்தினூடாகத் தடித்த சங்கிலியை விட்டு, நிலத்தில் ஆழப் புதைத்த இரும்புத் தூணோடு பூட்டினோம். பூட்டு நிலத்தில் படக்கூடாது. கல்லில் வைத்து அடித்து உடைக்க அது வசதியாகிவிடும். உள்ளே ஸ்டியரிங்கையும் கிளச் மிதியையும் சேர்த்து இன்னொரு சங்கிலி போட்டோம். காலையில் இரண்டையும் கழற்றிய பிறகே ஏற வேண்டும்.

பொனற் பூட்டு: உடல் அலுமினியம் என்பதால் இரும்புக் கொண்டியை அதில் ஒட்டவைக்க முடியாது. உள்ளே ஓர் இரும்புத் தகடு வைத்து, வெளியில் உருண்டைத் தலையுள்ள போல்ட் போட்டு, நட்டை உள்பக்கம் இறுக்க வேண்டும். அப்போது வெளியிலிருந்து ஸ்பனர் போட்டுக் கழற்ற முடியாது. கதவுக்கும் இதே முறைதான்.

பற்றரி: இரும்புப் பட்டி போட்டுப் பூட்டினோம். பற்றரியின் மேலும் டயரிலும் கண்ணாடி ஓரங்களிலும் வண்டி இலக்கத்தைப் பொறித்தோம். இலக்கம் பொறித்த பொருளை வாங்கக் கடைக்காரர் யோசிப்பார்.

மறைவான சுவிட்ச்: பற்றரி வயரில் ஒரு துண்டிப்பு சுவிட்ச் பூட்டி, அதன் திறப்பை அக்கா இடுப்பில் செருகிக்கொள்கிறார். எஞ்சின் ஓடும்போது அதைத் திருப்பக்கூடாது, மின்பிறப்பாக்கி பழுதாகிவிடும். ஒன்றைக் கவனியுங்கள். சில பழைய டீசல் எஞ்சின்களை நிறுத்துவதற்குக் கையால் கம்பியை இழுப்போம். அந்த வகையைப் பற்றரி இல்லாமலும் சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்யலாம். அவற்றுக்கு டீசல் குழாயில் மறைவாக ஒரு திருகு வால்வு தேவை. காலையில் அதைத் திறக்க மறந்தால் எஞ்சின் சிறிது ஓடி நின்றுவிடும், குழாயில் காற்றும் பிடித்துக்கொள்ளும். உங்கள் வண்டி எந்த வகை என்று கராஜில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பெற்றோல் எஞ்சின் என்றால் டிஸ்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து ரோட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டால் போதும். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தில் வாகனங்களை எதிரி எடுத்துவிடாதபடி இப்படித்தான் செய்தார்கள்.

வெறும் வண்டி: உள்ளே பை, தொலைபேசி, ஜக், ஸ்பனர் எதையும் விடுவதில்லை. சந்தைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்றாலும் கைப்பையை இருக்கையில் வைக்காதீர்கள். டீசல் மூடிக்கும் பூட்டுப் போடுங்கள்.

தகரம்: இது அக்காவின் சொந்த யோசனை. வன்னியில் சேனைக்குள் யானை வராமல் கயிற்றில் வெற்றுத் தகரங்களைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அதையே வண்டியைச் சுற்றிக் கட்டினார். "யானைக்குக் கட்டினத மனுசனுக்குக் கட்ட வேண்டியதாப் போச்சு மிஸ்" என்று சிரித்தார். சிம் போட்டு வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் சிறு கருவிகளும் விற்கிறார்கள். வாங்கும் முன் உங்கள் பள்ளத்தாக்கில் தொலைபேசி எடுபடுகிறதா என்று பாருங்கள்.

சத்தம் கேட்டால்

அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்ன விடயம் ஒன்று உண்டு. பற்றரி போனதிலிருந்து இரவில் காலடிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறதாம், வன்னியில் கழிந்த இரவுகள் திரும்பி வருகின்றனவாம். இதை வாசிக்கும் பலருக்கு அந்தப் பயம் தெரியும். அது கோழைத்தனம் அல்ல. பட்ட உடம்பு காட்டும் எச்சரிக்கை. அதை உள்ளே வைத்துப் புழுங்காமல் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள்.

சத்தம் கேட்டால் தனியாக வெளியே போகாதீர்கள். விளக்கைப் போடுங்கள், அயலாரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள், உரத்துச் சத்தமிடுங்கள், 119 க்கு அறிவியுங்கள். பற்றரியை மறுபடி வாங்கலாம். பிள்ளைகளுக்குத் தாயை வாங்க முடியாது. அக்காவின் வரிசையில் இப்போது ஒரு வீட்டு விளக்கு எரிந்தால் ஆறு வீட்டு விளக்கும் எரிய வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறார்கள். அதன்பின் அக்கா கொஞ்சம் உறங்குகிறார்.

கடதாசிகளும் பூட்டுத்தான்

முறைப்பாடு செய்யப் போனபோது இரண்டு சிக்கல்கள் வந்தன. ஒன்று, வண்டி இன்னும் மாமாவின் பெயரில் இருந்தது. பற்றரி போனதோடு நின்றதால் சமாளித்தோம். முழு வண்டியும் போயிருந்தால் உரிமையை நிரூபிக்கவே அலைந்திருப்போம். இரண்டு, அக்கா தமிழில் சொன்னதை அங்கே சிங்களத்தில் எழுதிக் கையொப்பம் வைக்கச் சொன்னார்கள். நான் மறுத்து, தமிழில் வாசித்துக் காட்டும்படி கேட்டேன். வாசித்தபோது திகதி பிழையாக இருந்தது. திருத்திய பிறகே அக்கா கையொப்பமிட்டார். அரச அலுவலகங்களோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பே தந்திருக்கிறது. விளங்காத எதிலும் கையொப்பமிடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

வாகனம் இறந்தவர் பெயரில் இருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றுங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அதையும் பதியுங்கள். கணவர் காணாமற்போன சகோதரிகளுக்கு 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணப்படாமைச் சான்றிதழ் உண்டு. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்கள் இதைப் பற்றி விசாரிக்கலாம். வழி தெரியாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். பதிவுப் புத்தகத்தின் மூலப்பிரதியை வண்டியில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி திருட்டுக்குப் பணம் தராது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இன்னொரு களவு

திருட்டு நடந்த மறுநாளே லயத்தில் ஒரு தம்பியின் பெயர் அடிபட்டது. கொழும்பில் கராஜ் ஒன்றில் வேலை செய்தவன். வேலை போய் வீட்டுக்குத் திரும்பியிருந்தான். "வயர வெட்டத் தெரிஞ்சவன் அவன்தானே" என்றார்கள். கடையில் அவனோடு பேச்சை நிறுத்தினார்கள். அவன் அம்மா பீலிக்குத் தண்ணீர் எடுக்க வருவதையே நிறுத்திவிட்டார். மூன்று கிழமைக்குப் பின் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு உழவு இயந்திரங்களின் பற்றரிகள் அதே விதமாகப் போயின. அன்று அந்தத் தம்பி காய்ச்சலோடு நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்தான். திருடியவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவன் வீட்டுப் படியேறியது அக்கா ஒருவர்தான். "நானும் ரெண்டு நாள் உன்ன சந்தேகப்பட்டேன் தம்பி, மன்னிச்சுக்க. பொனற்றுக்குப் பூட்டுப் போடணும், வந்து செஞ்சு குடுப்பியா?" என்று கேட்டார். அவன் ஒன்றும் சொல்லாமல் ஸ்பனரை எடுத்துக்கொண்டு வந்தான். மேலே நான் எழுதிய தகடும் உருண்டைத் தலைப் போல்ட்டும் அவன் சொல்லித்தந்தவைதான். இப்போது சுற்றியுள்ள டிவிசன்களில் வண்டி வைத்திருப்பவர்கள் அவனைத் தேடி வருகிறார்கள்.

சந்தேகத்தின் பேரில் ஆட்கள் கூட்டிச் செல்லப்பட்டதை நம் வாழ்நாளில் கண்டவர்கள் நாம். ஒருவரின் நல்ல பெயரைச் சாட்சியில்லாமல் எடுத்துவிடுவதும் களவுதான். அதற்கு எந்தப் பொலிஸிலும் முறைப்பாடு எழுத முடியாது.

போன மாதம் மேல் டிவிசனில் இன்னொரு பெண்ணுக்கு வலி எடுத்தது. நேரம் விடியப்புறம் மூன்று மணி. அக்கா சங்கிலியைக் கழற்றி, இடுப்பிலிருந்த திறப்பைப் போட்டுத் திருப்பினார். வண்டி முதல் தரத்திலேயே உறுமியது. சகோதரிகளே, உங்களைச் சுமக்கும் வண்டி எதுவாக இருந்தாலும் இன்று மாலை ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். எது பூட்டில்லாமல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மிச்ச வேலையை நாளை தொடங்கலாம்.