வாகனத்தில் தெளிவான ஒலி: காசை எங்கே போடுவது?

வியாபாரிக்கு வாகனம் இரண்டாவது கடை. சரக்கெடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் ஒருவர் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம் வேனுக்குள்ளேயே இருக்க வேண்டும். கிராஅத், பயான், செய்தி, கடையிலிருந்து வரும் அழைப்பு எல்லாமே அந்த வேனின் ஸ்பீக்கர் வழியாகத்தான் காதுக்கு வருகின்றன. அது கரகரத்தால் பயணம் முழுவதும் எரிச்சல்தான்.

நல்லூர்ப் பக்கம் வாடகைக்கு வேன் ஓட்டுபவர்களுக்கு இது தொழிலோடும் சம்பந்தப்பட்டது. நல்லூர் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாட்கள் நடைபெறுகிறது. அந்த நாட்களில் வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்கள் வாகனம் பிடிக்கும்போது குளிரூட்டியைப் பற்றிக் கேட்பது போலவே "செட் நல்லதா?" என்றும் கேட்கிறார்கள். வண்டியை மாற்றுவது எல்லோராலும் முடிகிற காரியமல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பிறகும் வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டுப் பின்வாங்கியவர்கள் பலர். ஆகவே இருக்கின்ற வண்டியில் இருக்கின்ற செட்டைத் திருத்துவதே பலருக்கும் வழி.

கடைக்குப் போனால், "செட், ஸ்பீக்கர், அம்ப்ளிபயர், பேஸ் பெட்டி எல்லாவற்றையும் மாற்றினால்தான் சரிவரும்" என்பார்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு அது தேவையில்லை. குடாநாட்டு மக்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடையில் பெட்டரியும் பெற்றோலும் கிடைக்காதபோது, சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டார்கள். பழைய ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். தேவை எது, அதற்குக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்று பார்த்துச் செய்ததால் காரியம் நடந்தது.

செலவில்லாத சோதனைகள்

முதலில் பாடும் பொருளைப் பாருங்கள். பல கை மாறி வந்த தரம் குறைந்த கோப்பை எந்த ஸ்பீக்கரில் போட்டாலும் அப்படித்தான் கேட்கும். சிகரட் லைட்டர் துளையில் செருகும் எப்.எம். கருவியை விட, செட்டில் ஏ.யூ.எக்ஸ். துளை இருந்தால் ஒரு சாதாரண வயர் மூலம் தொலைபேசியை இணைப்பது தெளிவு தரும்.

அடுத்தது பேலன்ஸ். ஒலியை இடப்பக்கம் மட்டும், பிறகு வலப்பக்கம் மட்டும் விட்டுக் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்கும்போது இருக்கும் அடித்தொனி, இரண்டும் சேரும்போது குறைந்துபோனால் ஒரு ஸ்பீக்கரின் வயர் பிளஸ், மைனஸ் மாறிக் கிடக்கிறது என்று பொருள். ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. ஒன்றை ஒன்று அழித்துவிடுகிறது. முன்பு யாரோ செட்டைக் கழற்றிப் பூட்டிய வண்டிகளில் இது சகஜம். அந்த வயரை மாற்றிப் பொருத்தினால் போதும்.

முதல் செலவு முன் கதவுக்கு

கம்பனி பொருத்தி அனுப்பும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை மெல்லிய கடதாசிக் கூம்பும் சிறிய காந்தமும் கொண்டவை. வெயிலிலும் ஈரக் காற்றிலும் வருடக்கணக்கில் கிடந்தால் கூம்பின் ஓரம் காய்ந்து வெடித்துவிடும். கரகரப்புக்கு முக்கிய காரணம் இதுதான். மாற்றுவதானால் முன் கதவு இரண்டை மட்டும் முதலில் மாற்றுங்கள். பின்பக்க ஸ்பீக்கர்கள் காத்திருக்கலாம்.

மனிதக் குரலின் தெளிவு நடுத்தொனியிலும் உயர்தொனியிலுமே இருக்கிறது. கிராஅத்தும் பயானும் செய்தியும் கேட்பவருக்குப் பேஸ் பெட்டி அவசியமே இல்லை.

வாங்கும்போது பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ள வோட்ஸைப் பார்க்காமல், 'சென்சிட்டிவிட்டி' எத்தனை டெசிபல் என்று பாருங்கள். அது 3 டெசிபல் கூடினால், செட்டின் சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். பழைய செட்டோடு ஓட்டப் போகிறவர் 90 அல்லது அதற்கு மேல் உள்ளதை எடுப்பது நல்லது.

ஸ்பீக்கரைப் பூட்டும்போதே கதவின் உட்தகட்டில் உள்ள பெரிய ஓட்டைகளைப் பிசின் தாளால் மூடச் சொல்லுங்கள். ஸ்பீக்கரின் பின்பக்கக் காற்று முன்பக்கம் கலக்காமல் இருந்தால் அடித்தொனி தானாகக் கூடும். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிட வேண்டாம், துருப்பிடிக்கும்.

ஜப்பான் செட்டின் சிக்கல்

ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளில் ரேடியோ 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையே பிடிக்கும். பிந்திய மாதிரிகளில் 95 வரை. நமது எப்.எம். நிலையங்களோ 88 முதல் 108 வரை. இதற்காக முழுச் செட்டையும் கழற்றி வீச வேண்டாம். அன்டனா வயரில் செருகும் 'பேண்ட் எக்ஸ்பாண்டர்' என்ற சிறு கருவி, வரும் அலைவரிசையைக் குறைத்துக் கொடுக்கும். 15 மெகாஹேர்ட்ஸ் குறைப்பது என்றால், 102இல் உள்ள நிலையத்தை 87இல் கேட்கலாம். ஆனால் 76–90 செட்டில் அதைப் பூட்டினால் 91 முதல் 105 வரை மட்டுமே கிடைக்கும். ஆகவே நீங்கள் வழமையாகக் கேட்கும் நிலையத்தின் எண்ணைச் சொல்லி, அதற்கேற்றதை வாங்குங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சில டொயோட்டா நெவிகேஷன் செட்டுகள், பெட்டரியைக் கழற்றி மாட்டினால் அதற்குரிய எஸ்.டி. கார்ட் இல்லாமல் திறக்காது. வேலை தொடங்கும் முன் கார்ட் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அம்ப்ளிபயர் வேண்டுமா?

செட்டின் முகப்பில் '50 வோட்ஸ் x 4' என்று இருக்கும். வண்டியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட்தான். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதிலிருந்து சுத்தமாகக் கிடைப்பது ஒரு ஸ்பீக்கருக்கு 20 வோட்ஸ் அளவே. தெளிவாகக் கேட்க இது போதும். சத்தம் இன்னும் வேண்டும் என்றால் மட்டும் அம்ப்ளிபயரைப் பற்றி யோசியுங்கள்.

அப்போது மின்சாரத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பெட்டரியிலிருந்து வரும் வயரில், பெட்டரிக்கு அருகிலேயே, அரை மீற்றருக்குள் பியூஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வயர் உரசும் நாளில் வண்டியே தீப்பிடிக்கலாம். செம்புப் பூச்சுப் பூசிய அலுமினிய வயரைச் செம்பு வயர் என்று விற்கிறார்கள்; நுனியைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். ஹைபிரிட் வண்டியில் செம்மஞ்சள் நிற வயர் எதையும் யாரும் தொட விடாதீர்கள். அது உயிராபத்தான உயர் மின்னழுத்தம்.

கையில் உள்ள தொகையைப் பத்துப் பங்காக்கினால், ஐந்து பங்கு முன் ஸ்பீக்கருக்கு, மூன்று பங்கு கதவு வேலைக்கும் வயருக்கும் கூலிக்கும். மிகுதி இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் கேட்டுப் பாருங்கள். பலருக்கு அந்த இரண்டு பங்கு மிச்சமாகிவிடும்.

விற்பவருக்கு ஒரு வார்த்தை

இந்தத் தொழிலில் உள்ள சகோதரர்களும் இதை வாசிக்கலாம். '1000 வோட்ஸ்' என்று ஒட்டிய பெட்டிக்குள் தொடர்ந்து 50 வோட்ஸ் கூடத் தாங்காத ஸ்பீக்கர் இருப்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தொடர்ந்து தாங்கும் அளவைக் குறிப்பது 'ஆர்.எம்.எஸ்.' எண். அதை வாயால் சொல்லி விற்பது நமது கடமை. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்து அல்குர்ஆனில் ஓர் அத்தியாயமே உண்டு. மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்த தானியக் குவியலுக்குள் கையிட்டுப் பார்த்து நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவமும் நாம் அறிந்ததே. வோட்ஸும் ஓர் அளவைதான்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டு, பல ஆண்டுகளின் பின் திரும்பிச் சோனகத் தெருவிலும் அயலிலும் மீண்டும் தொழில் தொடங்கியவர்களுக்கு முதல் என்று பெரிதாக எதுவும் இருக்கவில்லை. வாடிக்கையாளரின் நம்பிக்கைதான் முதல். நல்லூரிலிருந்து வேனைக் கொண்டுவரும் ஒருவரிடம், "அம்ப்ளிபயர் உங்களுக்குத் தேவையில்லை, வயரை மாற்றினால் போதும்" என்று சொல்லும் கடைக்காரர் அன்று ஒரு விற்பனையை இழப்பார். ஆனால் அந்த வேன்காரர் அடுத்த திருவிழாவுக்கு முன் இன்னும் நான்கு வேன்காரர்களோடு வருவார், இன்ஷா அல்லாஹ்.